கசியோக்கின் குதிகால்

என் அக்காளைக் கட்டிய கசியோக்கை எங்கள் மலையூர் துமாபிப்பில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. அந்தப் பாதியில் நானும் பல வருடம் இருந்தேன். எல்லாம் அந்த விமான ஓடுதளத்தால் வந்த வினை.

மலைச்சரிவில் அறுநூறு தப்படி நீளத்துக்கு ஒரு புல்தரை. எங்களுக்கு வெளியுலகம் என்பது அதுதான். உப்பு, மருந்து, கூரைத் தகடு எல்லாம் அதில்தான் வந்து இறங்கும். எங்கள் காப்பி மூட்டை அதிலிருந்துதான் ஏறும். நடந்து போனால் டவுனுக்கு நான்கு நாள், நடுவில் இரண்டு ஆறு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து ரோடு போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு அதே ஹெலிகாப்டரில் திரும்பிவிடுவார்.

தளத்தைத் தோண்டியது எங்கள் அப்பன்மார். கையில் இருந்தது கூர்க்கம்பும் கூடையும்தான். ஐந்து வருடம் ஆனது. பத்து வயதுப் பையனாக அதற்குக் கல் சுமந்தவன் கசியோக். "அதுலதாண்டா என் கழுத்து உள்ள போச்சு" என்பான். கழுத்து என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒன்றும் கிடையாது. பெரியவனானதும் வந்து போகும் விமானிகளிடமே எண்ணும் எழுத்தும் கற்றுக்கொண்டு தளத்துக்குக் காவலாளாக நின்றுவிட்டான்.

வேலை இதுதான். விடிந்ததும் வெறுங்காலோடு மேல்முனையிலிருந்து ஆற்றுமுனை வரை நடப்பான். பத்துத் தப்படிக்கு ஒருமுறை நின்று வலது குதிகாலால் தரையை ஓங்கி மிதிப்பான். குதி புதைந்தால் ஈரம். ஒரு விமானி அவனுக்குப் புதுச் சப்பாத்து கொடுத்தார். அதைப் போட்டால் காலுக்குத் தரை தெரியாது என்று அக்காளிடம் கொடுத்துவிட்டான். அவள் சேம்பு தோண்டப் போகும்போது போட்டுக்கொள்வாள். ஏழு மணிக்கு ரேடியோவில் டவுன் கூப்பிடும். காய்ந்திருக்கிறது என்று அவன் சொன்னால்தான் விமானம் வரும். மழை பிடித்தால் மூன்று வாரம்கூட "ஈரம்" என்பான். அரிசி இருக்காது, சோப்பு இருக்காது. ஊர் அவனைத்தான் திட்டும்.

"மேகத்துக்குப் பொண்ணு குடுத்தவன் மாதிரி பேசுறான் பாரு" என்பார்கள்.

அவன் காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டான். ஆனால் வியாழக்கிழமை தளத்தில் புல் வெட்ட வராதவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவான் பாருங்கள், பன்றியெல்லாம் ஓடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு சாவுக்குப் போயிருந்தான். என்னிடம் ஆறு மூட்டைக் காப்பி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ரேடியோவை நான் எடுத்தேன். தளத்தில் கால்கூட வைக்காமல் "காஞ்சிருக்கு" என்றேன். வந்த விமானம் மூக்குச் சக்கரம் புதைந்து, விசிறி வளைந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஒன்பது மாதம் எந்த விமானமும் எங்கள் பக்கம் வரவில்லை. வாத்தியார் பெண்டு பிள்ளைகளோடு நடந்தே போனவர் திரும்பவில்லை. இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குள் பூசணிக்கொடிதான் ஓடுகிறது. ஊர் என்னைத் திட்டி ஓய்ந்தது. கசியோக் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம்தான் என் மனைவி வானெங்கிம்முக்கு வலி கண்டது.

பெண்கள் குடிசைக்குள் இரண்டு நாளாகக் கிடந்தாள். ஆண்பிள்ளை நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. வேலிக்கு இப்பால் நின்று அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விடியும்போது கத்தல் குறைந்தது. மருந்துக் குடிசை நோரா வெளியே ஓடி வந்தாள்.

"கொழந்த குறுக்கே கெடக்கு தாமெங். கை மட்டும் வெளிய வந்திருக்கு. டவுன்ல வயித்தக் கீறி எடுத்தாத்தான் உண்டு. சாயங்காலம் தாண்டாது."

ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. நான் தளத்துக்கு ஓடினேன். கசியோக் நடந்து முடித்து ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கால் கணுக்கால்வரை சேறு. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான், காஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

அவன் ரேடியோத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உங்க கால்ல விழுறேன் மச்சான். ஒரே ஒரு வார்த்த."

"கீழ்முனை கொழகொழன்னு கெடக்குடா."

"சொல்லுடா!" என்று அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "உன் பொண்டாட்டி உள்ள கெடந்தா சொல்லுவியா மாட்டியா?"

ரேடியோ கரகரத்தது. விமானி ரூத்தின் குரல். எங்கள் பக்கம் ஆறு வருடமாக ஓட்டுகிறவள்; ஊருக்கெல்லாம் அவள் மிஸ்ஸிஸ். "துமாபிப், துமாபிப். தளம் எப்படி?"

என் கை அவன் கழுத்துக்குப் போய்விட்டது. ஒரு கையால் என்னைத் தள்ளியபடியே மறு கையால் ஒலிவாங்கியை எடுத்தான்.

"ஈரம், மிஸ்ஸிஸ்" என்றான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனைக் கொன்றிருப்பேன். கையில் கத்தி இல்லாததால் தப்பித்தான்.

ஆனால் அவன் நிறுத்தவில்லை. "கீழ்முனையில இருந்து எரநூறு தப்படி ஈரம். அதுக்கு மேல நானூறு கெட்டியா இருக்கு. ரெண்டு தடவ நடந்துட்டேன். ஒரு பொம்பள சாகக் கெடக்குறா, மிஸ்ஸிஸ். நீங்க முடிவு பண்ணுங்க."

ரேடியோவில் வெறும் இரைச்சல்.

"நானூறு. நிச்சயமா?"

"நிச்சயம்."

"நானும் அவளும் மட்டும். துணைக்கு ஆள் வேண்டாம், மூட்டை வேண்டாம். ஈரம் ஆரம்பிக்கிற எடம் எனக்கு மேல இருந்து தெரியணும். ஓரத்துல ஒரு ஆள நிறுத்து."

கசியோக் வெள்ளை மாவுச்சாக்கை என் மடியில் போட்டான். "எந்திரிடா. நீதான் நிக்கப்போற."

விளிம்பில் ஓர் இடத்தைக் காட்டினான். எனக்குச் சந்தேகம். அவனுக்குத் தெரியாமல் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். மேட்டுப்பக்கம் பாறை மாதிரி இருந்தது. ஆற்றுப்பக்கம் இரண்டு தப்படி போய் மிதித்தேன், கால் உள்ளே போனது.

விமானம் ஆற்றுப்பக்கமிருந்து வந்தது. சாக்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். சக்கரம் என்னைத் தாண்டித் தரை தொட்டு, மேட்டில் ஏறிப் போய் நின்றது. பெண்கள் வானெங்கிம்மைப் பாயோடு தூக்கி ஏற்றினார்கள். முகம் சாம்பலாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

இனி இறக்கத்தில் ஓடி வந்து, நான் நிற்கும் இடத்துக்குள் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் சேறு, அதற்கப்புறம் ஆறு. விமானம் என்னை நோக்கி வந்தது. சக்கரம் தரையிலேயே இருந்தது. இன்னும் தரையில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று சாக்கைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது விமானம் ஆற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ரேடியோ முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பெண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தன என்றாள் ரூத். கூச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "கசியோக், காஞ்சிருக்குன்னு நீ சொல்லியிருந்தா எப்பவும்போலக் கீழ்முனையிலதான் எறக்கியிருப்பேன்" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கசியோக் மட்டும் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து, தையல் ஆறி வானெங்கிம் ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். அன்றைக்குப் பார்த்துக் கசியோக் காய்ச்சலில் படுத்துவிட்டான். "நீ போய் நட" என்று அக்காளிடம் எனக்குச் சொல்லியனுப்பினான். வேறு யாரையும் சொல்லவில்லை.

மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. மேலே நன்றாகக் காய்ந்திருந்தது. கீழே போகப் போக எனக்குப் பயம் வந்தது. கடைசி எண்பது தப்படியில் குதி புதைந்தது. திரும்பி ஏறி வந்து மறுபடி நடந்தேன். மறுபடியும் புதைந்தது. வாய்விட்டு அழுதேன். மகளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு ரூத் கூப்பிட்டாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஈரம்" என்றேன். "கீழ்முனை எண்பது தப்படி."

"அவசரம் இல்லையே, அப்போ வேறொரு நாள் பாப்போம்" என்றாள் ரூத். யாரோ ஒலிவாங்கியை அவளிடமிருந்து வாங்கினார்கள்.

"யோவ், மூட்ட கட்டி இங்க விமான ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கேன்யா" என்றாள் வானெங்கிம். "மச்சான் அப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"இல்லடி" என்றேன். "நானே நடந்து பாத்தேன்."