நாக்கோடு நின்ற மருந்து

இரும்பு அலமாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் ஆறு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் பெண். பெயிண்டரம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். சட்டென்று யாருக்கும் வளைந்து கொடுக்கிறவள் இல்லை.

ஏழு வயது மகளுக்கு மூச்சிளைப்பு என்று தெரிந்த நாளிலிருந்து பழியெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தது. "உங்க பெயிண்ட் நாத்தம்தான் அண்ணி புள்ளையைப் படுத்துது. வேலையை விடுங்க" என்று நாத்தனார் வாரம் தவறாமல் பாடினாள்.

"பட்டறையிலேயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வாசப்படி மிதிக்கிறேன். மூச்சை விடச் சொல்லு, விடறேன். வேலையை விட மாட்டேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய, உள்ளுக்குள் அரித்தது. இரண்டு வேளையும் இன்ஹேலர் கொடுத்தும், மாடிப்படி ஏறினால் குழந்தையின் நெஞ்சு விசிலடித்தது.

ஒரு நாள் காலை, மகள் ஜன்னல் வெயிலில் நின்று மருந்து எடுத்தாள். புஸ்ஸென்று அழுத்தினாள்; வெடுக்கென்று இழுத்தாள்; உடனே விட்டாள். வாயிலிருந்து வெண்புகையாக மருந்து திரும்பி வந்ததை வெயில் காட்டிக் கொடுத்தது.

"கசக்குதாடி?"

"தினமும்தான்மா கசக்கும்."

பெயிண்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஸ்பிரேயைக் கிட்டே பிடித்து அவசரமாக அடித்தால் பெயிண்ட் ஒரே இடத்தில் கொட்டி வழியும். மூலை முடுக்குக்குப் போகாது. மருந்தும் நாக்கிலேயே கொட்டினால் நெஞ்சுக்கு என்ன மிஞ்சும்?

அந்த வாரமே கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "மருந்து கேக்கல. டோஸைக் கூட்டிடலாம்."

"எழுதாதீங்க டாக்டர். முதல்ல இவ எப்படி இழுக்குறான்னு பாருங்க."

"அம்மா, வெளியே இருபது பேர் காத்திருக்காங்க."

"போன மூணு தடவையும் கூட்டம்தான். யாரும் பாக்கல. இன்னிக்குப் பாக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். மகள் செய்து காட்டினாள். அதே புஸ், அதே வெடுக், அதே புகை.

"முக்காவாசி வாயிலேயே நின்னுடுது" என்றார் அவர், குரல் இறங்கி. "நாங்க முதல்லயே பாத்திருக்கணும்."

மருந்தை நாக்கில் கொட்டவிடாமல் நெஞ்சுக்கு அனுப்பும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலை நர்ஸ் கொண்டுவந்தார். மருந்தில்லாத இன்ஹேலர் ஒன்றை அதில் பொருத்திப் பழக்கினார். "நல்லாக் குலுக்கு. உதட்டை இறுக்கிக்கோ. அழுத்திட்டு மெதுவா இழு. அவசரமே வேண்டாம். இப்ப மூச்சை அடக்கிப் பத்து எண்ணு." நான்கு தடவை தப்பியது. ஐந்தாவதில் பிடிபட்டது.

டோஸ் கூடவில்லை. ஆறே வாரத்தில் மகள் மூன்று மாடி நிற்காமல் ஏறினாள். இளைப்பு அடியோடு ஒழியவில்லைதான். குளிர் நாளில் எட்டிப் பார்த்தது.

பள்ளியில் இளைப்பு வந்தால் எடுக்கும் மருந்துக்கும் அதே குழல். முதல் நாள் அதைப் பார்த்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். மூச்சை அடக்கியிருந்த மகளால் பேச முடியவில்லை. 'பொறு' என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டி, எண்ணி முடித்து, மூச்சை விட்டுவிட்டுக் கேட்டாளாம்: "இப்ப சொல்லுங்க, என்ன சிரிப்பு?"

வகுப்பில் வாயாடுகிறாள் என்று ஆசிரியை இதைப் புகாராகத்தான் சொன்னார். பெயிண்டரம்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.