ஸ்டாப் பண்ணிய பிள்ளை

படிப்பக நண்பர்களே, இதை நானே எழுதிப் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.

இன்று வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ்ஸில், வழியில் தெரிந்த கடைப் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். நான் எழுத்துக்கூட்டி முடிக்குமுன் பக்கத்தில் இருந்த சிறுமி முழுப் பெயரையும் சொல்லிச் சிரித்தாள்.

"நான் ராத்திரிப் பள்ளிக்கூடம் தாயி. நீ எத்தனாவது?"

அவள் அப்பா முந்திக்கொண்டார். "எட்டாவதோட ஸ்டாப் பண்ணியாச்சு பெரியவரே."

அவள் குனிந்துகொண்டாள்.

எனக்குப் பழகிய சொல்தான். ஸ்டாப்பில் நின்ற பஸ் மறுபடி கிளம்பும். நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் சரக்கு இல்லையென்றால் எங்களையும் ஸ்டாப் பண்ணுவார்கள்.

"தோல் ஷாப்புல ஸ்டாப் பண்ணினாலும், சரக்கு வந்ததும் எங்களைக் கூப்பிட்டுக்குவாக. இவளை எப்பக் கூப்பிடுவாக?"

"வயசுக்கு வந்துட்டா. இனிமே மாப்பிள்ளை வீட்டுலதான் கூப்பிடணும்."

திண்டுக்கல் வரை அவள் எதையும் படிக்கவில்லை. அப்பா மூட்டையை இறக்கும்போது மெல்லக் கேட்டாள்:

"தாத்தா, ஒங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளைச் சேப்பாகளா?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். நம் படிப்பகத்து ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே பெஞ்சு, அதில் எல்லாரும் கிழவர்கள்.

நகர்ந்து இடம் கொடுக்க மாட்டேன் என்பவர்கள் கீழே காரணத்தை எழுதுங்கள். கைநாட்டு செல்லாது.