இரண்டில் நான் எடுத்த லேசர் லெவல்

தேனியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது, கடையில் கேட்கவேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலை மிதித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

என்னிடம் ஒரு ஜேசிபி இருக்கிறது. மேட்டை வெட்டுவது, பள்ளத்தை நிரவுவது, அஸ்திவாரம் தோண்டுவது என்று பிழைப்பு ஓடுகிறது. மட்டம் பார்க்க அதுவரை தண்ணீர் டியூப்தான் வைத்திருந்தேன். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை என் டிரைவர் பிடிப்பார். பெரிய இடம் என்றால் டியூபை நகர்த்தி நகர்த்தியே பாதி நாள் போய்விடும். சுழலும் லேசர் வைத்திருந்தவர்கள் பக்கம் வேலைகள் போகத் தொடங்கியதால்தான் நானும் ஒன்று வாங்கப் புறப்பட்டேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணமானது. ஸ்டாண்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் தானாகவே மட்டம் பிடித்துக்கொண்டு சுற்றும். வெயிலில் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அளவுக்கம்பில் மாட்டிய, அந்த ஒளியை வாங்கும் ரிசீவர் சரியான மட்டத்துக்கு வந்தால் விடாமல் கத்தும். மேலே கீழே இருந்தால் விட்டுவிட்டுக் கத்தும். இன்னொன்று பெரியது. அதில் சரிவும் வைக்கலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று திரையில் எண்ணைப் போட்டால் ஒளியே அந்தச் சாய்வில் சுற்றும்.

என் வேலைகளைக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குச் சின்னதே போதும்ணே. சரிவு வேணும்னா ரெண்டு முனையிலயும் கம்பு வச்சுக் கணக்குப் பண்ணிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது நல்ல யோசனை. ஆனால் பக்கத்தில் தேய்த்த சட்டையோடு இன்ஜினியர் போல ஒருவர் நின்றுகொண்டிருந்தார். 'போதும்' என்றதும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பத்தாவதோடு நின்றவன். திரையில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கவேண்டும். அது என் முகத்திலேயே தெரிகிறதோ என்று காது சுட்டது.

"பெருசே குடுங்க" என்றேன்.

கடைக்காரர் பொறுமையாக ஓட்டிக் காட்டினார். கருவியின் தலையில் இருந்த அம்புக்குறியைத் தொட்டு என்னவோ சொன்னார். நான் "தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் வேலை வீரபாண்டிப் பக்கம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் நிலத்தில். நெல் வயலை ஒட்டிக் கிடந்த அரை ஏக்கர் மேட்டை வெட்டி வயலாக்கவேண்டும். மேற்கே மடை. அங்கே தண்ணீர் ஏறி, வயல் முழுக்கப் பரவி, கிழக்கே அடுத்த வயலுக்கு இறங்கவேண்டும். அதனால் கிழக்கே லேசாகச் சரிவு வேண்டும். முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரப் பத்து நாள்தான் இருந்தது. நாற்று ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது.

வேலை நடந்த இரண்டு நாளும் டீச்சர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கருவியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவரிடம் நீட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பார். நான் அதை அவர் கண்ணில் படாமல் ஜேசிபி சீட்டுக்கு அடியில் செருகி வைத்தேன்.

மதியத்துக்குள் டிரைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்து வருடமாக என் வண்டியை ஓட்டுகிறவர். பக்கெட்டில் மண் வழிவதை வைத்தே சரிவைச் சொல்லிவிடுவார். வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, மடைப் பக்கம் பள்ளமா வருதே. தலைகீழா இருக்கு."

"மிஷின விட ஒங் கண்ணு பெருசா?" என்றேன். டீச்சர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

அவர் வண்டியில் ஏறிப்போய் நான் சொன்ன மட்டத்துக்கே வெட்டி முடித்தார்.

தண்ணீர் வந்தது. மடையைத் திறந்தால் தண்ணீர் மேற்கிலேயே முழங்கால் அளவு நின்றது. கிழக்கே பாதி வயல் காய்ந்து கிடந்தது. அன்றைக்கென்று நடவுக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரரும் வந்தார். அவரும் ஒரு மேட்டை வெட்ட எங்களைத்தான் கூப்பிடுவதாக இருந்தார். எல்லோரும் வரப்பில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"டிரைவர் பக்கெட்டச் சரியாப் பிடிக்கல" என்றேன்.

அவர் எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். "அந்த ஆள வச்சுக்கிட்டு எங் காட்டுக்கு வந்துராதீக" என்று பக்கத்து வயல்காரர் சொன்னது அவர் முதுகில் விழுந்திருக்கும். நடவுக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் மதுரைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் எண்ணைப் போட்ட விதத்தில், அம்புக்குறி மேடான பக்கத்தைப் பார்த்திருக்கவேண்டும். நான் பள்ளமாக வேண்டிய கிழக்கைப் பார்க்க வைத்திருந்தேன்.

மடையை அடைத்து ஈரம் காயவிட்டு மறுபடி வெட்டவேண்டும். அதற்குள் நாற்று முற்றிவிடக்கூடாது. ஈர மண்ணில் வண்டி புதையாமல் ஓட்ட என் டிரைவரால்தான் முடியும். ஜெயமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று வாசலில் நின்று சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றார். பிறகு, "டீச்சருக்காக வந்து வெட்டித் தாரேன். ஆனா எங்கன வச்சு அப்படிச் சொன்னீகளோ அங்கனயே, அந்த ஆளுக முன்னால வச்சுச் சொல்லணும்" என்றார்.

சரி என்றேன். அவர் வந்தார். மண் காய்ந்தும் காயாமலும் இருந்தபோதே வெட்டினார். நான் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளும் எங்களுக்குள் வேலைப் பேச்சு தவிர எதுவும் இல்லை. இந்த முறை தண்ணீர் கிழக்கு வரப்பு வரை ஒரே சீராகப் போய்ச் சேர்ந்தது.

நடவு அன்று அவரும் வந்து வரப்பில் நின்றார். டீச்சர் இருந்தார், பக்கத்து வயல்காரர் இருந்தார், அதே பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்தேன். மிஷினைத் தப்பாக வைத்தது நான், டிரைவர் அப்போதே சொன்னார், நான் கேட்கவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"ஏத்தா, என்ன சொல்றாக?" என்றாள் ஒருத்தி.

"யாருக்குத் தெரியும், வாய்க்குள்ளயே பேசுறாக."

வயதில் மூத்தவள் இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தாள். "சத்தமாத்தேன் சொல்லுங்களேன்யா. வேல கெடக்குல்ல."

மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இந்த முறை அடுத்த வயல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப அன்னைக்கு நாங்க வெறுங்கையோட திரும்பிப் போனது ஒங்களாலதானா? டிரைவரால இல்லையா?"

"என்னாலதான்" என்றேன்.

அவள் டிரைவரை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். "வாரேன் டீச்சர்" என்று டீச்சரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு டிரைவர் போனார். என் வண்டிக்கு அவர் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இல்லை.

பக்கத்து வயல்காரரின் மேட்டை அடுத்த மாதம் அவர்தான் வெட்டினார், வேறொருவர் வண்டியில். அந்த வழியாகப் போனபோது பைக்கை ரோட்டோரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தேன். வயல்காரர் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். நான் நிற்பதை யாரும் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.