மக்கள் பாவனைக்கு

தண்ணீர் பவுசர் வண்டி கடைசியாகப் புறப்பட்ட புதன்கிழமை, கமலேஸ்வரி அதன் முன்கண்ணாடியில் குரோட்டன் இலை மாலை ஒன்றைத் தொங்கவிட்டுப் பிரியாவிடை உரை ஆற்றினார்.

"கனம் பவுசர் அவர்களே! கிழமைக்கு மூண்டு நாள் வாறன் எண்டு சொல்லி, ஒரு நாள் வந்து, எங்களுக்கு அரும்பணி ஆற்றினீங்கள்."

சாரதி சுகிர்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, நேரம் போகுது. மாலையைக் கழட்டுங்கோ."

"கிடக்கட்டும் தம்பி. போற இடத்திலயும் ஆக்கள் பாக்கட்டும்."

ஜெயபுரத்திலிருந்து உள்ளே போகும் மண் வீதியில் பதினெட்டு வீடுகள். அன்று காலைதான் அங்கே குழாய்க்கிணற்றுக்குக் கைப்பம்பி பூட்டியிருந்தார்கள். இனிப் பவுசர் தேவையில்லை என்று முடிவானது. பம்பி மூன்று வாரம் தண்ணீர் தந்தது. பிறகு காற்றுத் தந்தது.

கமலேஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். கச்சான் கடலை பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போவார், மற்றக் காலத்தில் ஆடு வளர்ப்பார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவரிடம் மூன்று தமிழ் உண்டு: வீட்டில் மலையகத் தமிழ், என்னைப் போன்ற வெளியாரோடு வன்னித் தமிழ், அதிகாரி வேஷத்தில் அறிக்கைத் தமிழ். அந்த வேஷத்தின்போது மட்டும் வீடுகளுக்குள் செருப்போடு நுழைவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அயல் பெண்களிடம் விசாரிப்பார்: "ஆடு எத்தனை? மலசலகூடம் எத்தனை? கவலை எத்தனை? சரி, அது வேண்டாம், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை."

புருஷன் மாயாண்டி சிரிப்பதில்லை. மூன்று மைல்கட்டை தூரத்திலிருந்து நான்கு பிளாஸ்டிக் கலன்களில் சைக்கிளில் தண்ணீர் கொண்டு வருபவர் அவர். ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

"ஒன் கூத்துக்குத் தண்ணி வருமா?"

"வரலைன்னா நாளைக்கு நாடா வெட்டி ஒன்னையத் தொறந்து வைக்கிறேன், சும்மா இரு."

கமலேஸ்வரி கூத்து மட்டும் ஆடவில்லை. பதினெட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கித் தண்ணீர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தவரும் அவர்தான். இன்னும் ஆழமாகத் துளைக்க வேண்டும், முடிவடையாத வேலைகளின் பட்டியலில் உங்கள் ஊரும் இருக்கிறது என்று பதில் வந்தது. நான்கு மாதமாக வேறெதுவும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்துப் பம்பியில் கட்டினார். தையல்காரப் பிள்ளையிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, மற்றப் பெண்கள் கைதட்ட நாடாவை வெட்டினார். ஒருத்தி பம்பியை அடித்தாள். அது இருமியது.

"காத்து வருது! தள்ளுப்படாமல் வரிசையில வந்து குடியுங்கோ!"

படம் எடுத்தது நான். ஒன்பது வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு அந்த ஊரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். 'குடிநீர்த் திட்டம் மக்கள் பாவனைக்குக் கையளிப்பு' என்று தலைப்பிட்டு முகநூலில் போட்டேன். பாவனை என்றால் எங்கள் பத்திரிகைத் தமிழில் பயன்பாடு. நடிப்பு என்றும் பொருள் உண்டு. அந்த இரட்டை அர்த்தத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை. நண்பர்கள் சிரிப்புக் குறிகள் இட்டார்கள். ஒரு செய்திப் பக்கம் படத்தையும் தலைப்பையும் அப்படியே எடுத்து, உண்மைச் செய்தியாகவே வெளியிட்டது. அதைக் கண்டும் சிரித்தேனே தவிர, திருத்தச் சொல்லி ஒரு வரி எழுதவில்லை. ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். அடுத்த வாரமே வவுனியாவில் வேலை என்று போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கமலேஸ்வரியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. என்னோடு அவர் வீட்டுத் தமிழில் பேசியது அதுவே முதற்தடவை.

"புள்ள, நல்லா இருக்கியா? ஆபீசுக்குப் போயிருந்தேன். நம்ம ஊரு பேரு முடிஞ்ச வேலைப் பட்டியல்ல இருக்கு. இல்லைங்க, தண்ணி வரலைன்னேன். நீ எடுத்த படத்தைக் காட்டுறாங்க. தண்ணி வராமலா தொறந்து வச்சீங்கன்னு கேக்குறாங்க."

அருகில் கத்திய ஆட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒன்னையக் குத்தம் சொல்லல. நாந்தான் அதுல ரொம்ப நல்லாச் சிரிச்சுட்டேன்."

அதன்பின் அவர் பதிவை அணைக்க மறந்துவிட்டார். சைக்கிள் ஒன்று மண்ணில் உருண்டு இறங்கியது. வெறும் கலன்கள் ஒன்றோடொன்று முட்டின. "முழங்காலப் பாத்து மிதி" என்று தூரத்தில் அவர் குரல் கேட்டது.