மோட்டாருக்கு ஓர் இடிதாங்கி

திண்டிவனம் தாண்டி மயிலம் பக்கம் போகும்போது மழை பிடிக்கிறது. வைப்பர் என்னைப் போலவே பாதி வேலையில் நின்றுவிட, காரை ஓரங்கட்டுகிறேன். நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வந்த பெண்கள் புளியமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் பூட்டிய மோட்டார் கொட்டகை. அதன் உச்சியில் புத்தம்புது இடிதாங்கி.

கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "மரத்தடியில நிக்காதீங்கம்மா, இடி விழும்" என்று உபதேசிக்கிறேன்.

ஒருத்தி கிட்டே வருகிறாள். "தெரியுங்க. போன வருசம் இங்கதான் வுழுந்துச்சு. எங்க செல்வி செத்துப்பூட்டா, மோட்டாரும் எரிஞ்சுபூடுச்சு. அப்பால தான் மொதலாளி இடிதாங்கி வெச்சாரு."

"கொட்டகைக்குள்ள போய் நிக்கலாமே?"

"தொறக்க மாட்டாருங்க. ஒயரத் திருடிக்கினு பூடுவோமாம்."

காருக்குள் இருந்தால் மின்னல் ஒன்றும் செய்யாது என்று படித்தவன் நான். "எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்கிறேன்.

அவள் தன் சேற்றுக் காலைப் பார்க்கிறாள். நானும் பார்த்துவிடுகிறேன்.

"வேணாங்க, சீட்டு பாழாயிடும்" என்று மரத்தடிக்கே திரும்பிப் போகிறாள்.