அலமாரியிலிருந்து வந்த சேலை

என் மாப்பிள்ளையின் வீடியோ கேசட் அலமாரியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது படமல்ல, வாசம். பாச்சை உருண்டை வாசம். ஆயர் ஈத்தாமில் அவரும் என் மகளும் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் உள்ளறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற இரும்பு அலமாரி அது. மூடிப்போன கேசட் கடைகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையிலிருந்தும் அவர் பொறுக்கிச் சேர்த்த தமிழ்ப் படங்கள் அதில் முதுகு காட்டி நின்றன. பூச்சிக்கும் கரப்பானுக்கும் பயந்து தட்டுக்குத் தட்டு வெள்ளை உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, தூசி படாமல் இருக்க, நீலத்தில் சிறு கட்டம் போட்ட ஒரு நூல் சேலை. இறந்துபோன அவருடைய அம்மாவின் சேலை. அவருக்கு முதல் கேசட்டை வாங்கிக் கொடுத்தவர் அந்த அம்மாதான். சேலையை விலக்கி, ஒரு படத்தை உருவி எடுத்து, திரும்பவும் சேலையை இழுத்து மூடும்போது அவர் முகத்தில் ஒரு பக்தி இருக்கும். சாமி அறையில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் மருத்துவமனை நிர்வாகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். நோயைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நோயாளி எந்த முகப்பில் நிற்க வேண்டும், எந்தப் படிவத்தின் எந்த நகல் எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். உலகத்தின் துன்பங்களில் பாதி, காரியங்கள் முறைப்படி நடக்காததால் வருகிறது என்று நம்பிப் பிழைப்பு நடத்தியவன். மீதிப் பாதியை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு, ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில் வேலை செய்துகொண்டு, யாரும் தயாரிக்காத வீடியோ கருவிக்கு உதிரிப் பாகம் தேடி அலையும் மாப்பிள்ளை வாய்த்தார். என் மகள் கர்ப்பமானபோது அந்த அலமாரி இனி வெளியேறிவிடும் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். தொட்டில் போட வேறு இடமில்லை.

"பிள்ளை வந்துட்டா இதெல்லாம் தானா போயிடும்பா" என்றாள் மகள், அவர் காதில் விழும்படியாகவே.

"ஏன் போவணும்? பிள்ளையோட உக்காந்து பாக்கத்தானே சேக்குறேன்" என்றார் அவர். "நீங்க சொல்லுங்க மாமா."

நான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தகவலுக்கு மட்டும் அனுப்பப்பட்ட கடிதத்துக்குப் பதில் எழுதுவது முறையல்ல.

பையன் பிறந்தான். பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும் ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு ஜி6பிடி குறைபாடு என்று வந்தது. இந்த நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்தில் ஒரு காவல்காரன் குறைவு. சில பொருள்கள் பக்கத்தில் வந்தாலே சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் ஏறும். அந்தப் பொருள்களில் பெரிய எதிரி பாச்சை உருண்டை. வார்டு நர்ஸ் மிஸ்ஸி அதையே மலாயில் "ஊபாட் கெகாட்" என்று சொல்லி விரலை ஆட்டியதும் மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். அன்றே வீட்டைச் சுத்தம் செய்தோம். நான் மேற்பார்வை. அலமாரித் தட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, கேசட்டுகளைப் பெட்டிகளில் கட்டி, அலமாரியோடு அவருடைய நண்பர் வீட்டுக்கு அனுப்பினோம். தைல பாட்டில்கள் போயின. சூடம் போயிற்று, தெய்வங்கள் வெறும் எண்ணெய் விளக்கோடு நிறுத்திக்கொண்டன. பிள்ளையும் தாயும் சில நாள் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்துவிட்டு வந்தபோது அந்த வீட்டில் எந்தத் தணிக்கை அதிகாரியும் குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

தொட்டில் போடும் நாள் வந்தது. பாட்டியின் பழைய சேலையில் தொட்டில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். துணி மெத்தென்றிருக்கும், பாட்டியின் ஆசியும் சேரும். அவருடைய அம்மாவின் சேலைகளில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அலமாரியை அனுப்பிய அன்று அதை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தார். என் மனைவி துவைக்கக் கேட்டாள். "வேணாம் அத்தை. துவைச்சா அம்மா வாசம் போயிடும்" என்றார். அவள் துணியை முகர்ந்து பார்த்தாள். "ஆமா, பழைய சேலை வாசம்" என்று கண் கலங்கி, அப்படியே ஸ்பிரிங் கொக்கியில் மாட்டினாள். நானும் முகர்ந்தேன். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. நம் வீட்டு அம்மாக்கள் எல்லோரும் சேலையை எதோடு சேர்த்து மடித்து வைத்தார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிள்ளை பால் குடிக்கத் திணறினான். அழுகை பூனைக்குட்டியின் அழுகை போல் மெலிந்தது. மகள் பேம்பர்ஸைப் பிரித்துக் காட்டினாள். சிறுநீர், பால் சேர்க்காத தேநீரான தே-ஓ நிறத்தில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணின் வெண்மையில் மஞ்சள். மருத்துவமனையில் எனக்குத் தெரிந்த முகப்புகள் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. என் கால்கள்தான் வழி தெரியாமல் நின்றன. நீல விளக்கின் கீழ், கண்ணுக்குத் துணி கட்டி, அவனைப் படுக்க வைத்தார்கள். மஞ்சள் இன்னும் ஏறினால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஏறினால் மூளைக்குப் போகும். அந்தப் பாதிப்பு பல பிள்ளைகளுக்குக் காது கேட்பதில்தான் முதலில் தெரியும். பிறகு சம்மதப் படிவத்தை நீட்டினார். பதவியில் இருந்த காலத்தில் அந்தப் படிவத்தை மறுஅச்சுக்கு அனுப்பியவனே நான்தான். அதன் மூன்றாம் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் படித்தேன்.

வீட்டில் பாச்சை உருண்டை உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். மாப்பிள்ளை இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறு விதமாகக் கேட்டார். அப்போதும் இல்லை என்றார். நானும் தலையசைத்தேன். இருவரும் உண்மையைத்தான் சொன்னோம்.

மதியம் மகள் சொல்லி அனுப்பினாள்: பிள்ளை அந்தத் துணியில்தான் தூங்குவான், தொட்டில் சேலையை அவிழ்த்துக்கொண்டு வாங்க, பக்கத்திலாவது போட்டு வைக்கிறேன். நானும் மாப்பிள்ளையும் அவர் காரில் ஆயர் ஈத்தாம் போய்ச் சேலையை அவிழ்த்து, ஒரு பையில் போட்டுப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். சந்தையைத் தாண்டும்போது வண்டிகள் நகரவில்லை. மாப்பிள்ளை மூக்கைச் சுருக்கினார். காரைக் காடி என்பது எங்கள் பேச்சு வழக்கு.

"மாமா, இந்தக் காடியில யாரு ஊபாட் கெகாட் வச்சது?"

"எந்தக் காடியில?"

"நம்ம காடியிலதான். வாசம் வருது பாருங்க."

பழைய கார் வாங்கப் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்துப் பார்ப்பது அவர் தொழில். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விற்க வருகிறவன் பூஞ்சை நாற்றத்தை மறைக்கப் பாச்சை உருண்டை போட்டிருப்பான். அவர் மூக்குக்கு, காருக்குள் அந்த வாசத்துக்கு ஒரே பெயர்தான்.

"சேலை வாசம் மாப்பிள்ளை" என்றேன், யோசிக்காமல். "உங்க அம்மா சேலை."

அவர் இடது பக்கம் சமிக்ஞை போட்டு, அடைத்திருந்த ஒரு கடையின் முன்னால் வண்டியை நிறுத்தினார். பின்னால் திரும்பிப் பையை எடுத்து, பிரித்து, முகத்தை அதற்குள் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்ததாக எனக்குத் தோன்றியது. துடைப்பான்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"இது அம்மா இல்ல மாமா" என்றார். "இது அம்மா இல்ல."

 அந்தத் துணி இன்னும் சற்று நேரத்தில் பிள்ளையின் தலைமாட்டில் இருந்திருக்கும். மாப்பிள்ளை மழையில் இறங்கி, பையை இன்னொரு பைக்குள் போட்டு முடிந்து, டிக்கியில் வைத்துப் பூட்டினார். கூரை ஓரம் ஒழுகிய தண்ணீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்தவர் என் பக்கத்துக் கதவைத் திறந்தார். என்னை ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். வாழ்நாளில் முதல் முறையாகச் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனேன்.

டாக்டரம்மாவிடம் அவரே சொன்னார். பிறகு மகளிடம். வார்டு நடைபாதையில், சுவரோடு ஒட்டி நின்று, அவர் அதைச் சொல்லும்போது நான் சற்றுத் தள்ளி நின்றேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவாலதான்..." என்று அவர் தொடங்கினார்.

"அவங்க பேர இழுக்காதீங்க லா" என்றாள். "அவங்களா உருண்டை வாங்கிப் போட்டாங்க?" பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். "போய்க் குளிச்சிட்டு, வேற சட்டை போட்டுட்டு வாங்க. இதோட பிள்ளைகிட்ட வராதீங்க." அவர் படியிறங்கும் வரை நின்றுவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள்.

ரத்தத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்கள். மஞ்சள் இறங்கியது. நன்றாக இருக்கிறான், ஆனால் காதைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றார்கள். சோதித்தார்கள், சரியாக இருந்தது. மறுபடியும் சோதித்தார்கள், சரியாக இருந்தது. இனி வர வேண்டாம் என்று கோப்பை மூடினார்கள். ஒரு கோப்பு முறைப்படி மூடப்பட்டால் அதற்குள் இருந்தது முடிந்துவிட்டது என்று இத்தனை காலம் பிறருக்குச் சொல்லி அனுப்பியவன் நான். இப்போது நான் மறுபுறத்தில் நிற்கிறேன். உள்ளே இருந்தது முடியவில்லை.

மாப்பிள்ளை கேசட்டுகளைப் பழைய சாமான் லோரியில் ஏற்றிவிடத் தயாரானார். நான் வேண்டாம் என்றேன். டத்தோ கிராமாட்டில் என் வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடந்தது. ஓய்வு பெற்றவன் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் தூரத்து உறவினர்கள் வந்து தங்கும் அபாயம் உண்டு. கேசட்டுகளின் அட்டை உறைகளை எல்லாம் தூக்கி எறிந்து, ஒவ்வொரு கேசட்டையும் துடைத்து, சன்னலோரம் வாரக்கணக்கில் காற்றாட விட்டு, புதுப் பிளாஸ்டிக் உறையில் போட்டோம். பையன் மூன்று வயதைத் தாண்டும் வரை அந்த அறைக்குள் விடவில்லை. டாக்டர் அவ்வளவு கேட்கவில்லை. நாங்களே கேட்டுக்கொண்டோம்.

இப்போது பேரனுக்கு ஐந்து வயது. ஞாயிறுதோறும் மூவரும் வருகிறார்கள், அப்பாவும் மகனும் ஒரு படம் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை படத்தைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. அவர் பையனைப் பார்க்கிறார். விரல் ரிமோட்டில் இருக்கிறது. ஒலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எந்த ஒலி அளவு வரை பையன் சரியான நேரத்தில் சிரிக்கிறான் என்று பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நான் கரண்டியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன ஞாயிறு, படத்தின் நடுவில், பையன் முகம் சுளித்தான். "அப்பா, என்ன பேசுறாங்க? கேக்கல."

 மாப்பிள்ளையின் முகம் மழைக்காலக் கார்க்கண்ணாடி போல் வெளுத்தது. நான் காதைத் தீட்டினேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வயதான என் காது சாட்சிக்கு உதவாது.

மகள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "யாருக்குத்தான் கேக்கும்? ஊமப் படமா போட்டு வச்சிருக்கீங்க?" என்று ரிமோட்டைப் பிடுங்கி ஒலியைக் கூட்டினாள். "ரெண்டு பேரும் பண்றது எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. கரண்டி வேற கீழ விழுந்துகிட்டே இருக்கு." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பையன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

அவள் ரிமோட்டோடு சமையலறை வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். பையனின் முதுகு எங்களுக்கு, கண் திரையில், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் பெயரைச் சொன்னாள். எனக்குச் சத்தம் எட்டவில்லை, உதடுகள் அசைந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

அவன் திரும்பாமலே, "என்னம்மா?" என்றான்.