ஒற்றைக் கொம்பு

என் பெரியப்பா பட்டிப்பொலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டினார். காட்டுப்பன்றிகள் மரக்கறிப் பாத்திகளைக் கிளறிப் போட்டதால் அவருக்குத் துவக்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. அந்தத் துவக்கால் எந்தப் பன்றிக்கும் கெடுதல் நேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எதிர்வீட்டு மாமாவோடும் இன்னொரு கூட்டாளியோடும், ரொட்டி, சம்பல், ஒரு சீட்டுக்கட்டு சகிதம் மேட்டுக் காட்டுக்குப் போவார். பொழுது சாய்ந்ததும் மூவரும் சேறும் சிரிப்புமாக வந்து சேர்வார்கள். கேட்டால், பனிமூட்டம் கண்ணை மறைத்துவிட்டது என்பார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா வெந்நீர் வைக்கப் போவார்.

தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாச் சுவரில் மரைமான் தலைகள் கொம்போடு வரிசையாகத் தொங்கின. ஒருநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும், இதுவரை என்ன சுட்டிருக்கிறாய் என்று துரை பெரியப்பாவைக் கேட்டார். கூட்டம் சிரித்தது. அன்று மாலையே பெரியப்பா முன்னறைச் சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்தார். அதற்குப் பிறகு கூட்டாளிகளை அழைக்கவில்லை. சீட்டுக்கட்டையும் காணோம். தனியாகப் போய், தனியாக வந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எங்கள்மேல் எரிந்து விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆணியில் என் குடை தொங்கியது.

தீபாவளி லீவில் ஒருநாள் சாக்கில் சுற்றி ஒரு மரைக்கொம்பு கொண்டுவந்தார். ஒன்றே ஒன்று. சூடு பட்ட மரை பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். விழுந்த வேகத்தில் இது மட்டும் கழன்று பாறையில் கிடந்ததாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயம் முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் லயத்தில் கொம்பை யாரும் மதிப்பதில்லை. காட்டில் எது விழுந்தாலும் வீட்டுக்கு ஒரு பங்கு என்பதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் சட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"கொம்பு வந்துருச்சு, கறி எங்கண்ணே?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

பெரியப்பா கொம்பை நீட்டினார். ஆண்கள் கொம்பை வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கடைசியாக அது எதிர்வீட்டு மாமாவிடம் வந்தது. பெரியப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மாமா கொம்பை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இத்தாம் பெரிய மரைய பள்ளத்துல விட்டுட்டு வரலாமாண்ணே? நாளைக்கும் லீவுதானே, எல்லாரும் போய்த் தூக்கிட்டு வருவோம்."

மறுநாள் லயமே கிளம்பியது. ரொட்டி மூட்டை, தேத்தண்ணிப் போத்தல்கள், அடித்து ஆட ஒரு தப்பு மேளம். பெரியம்மா கறிக்கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து நீட்டினார். "அது கெடக்கட்டுங்க்கா, இன்னும் ரெண்டு ரொட்டி சுடுங்க" என்றார் மாமா.

பள்ளத்தில் பெரியவர்கள் புதருக்குப் புதர் கூவிக்கொண்டு திரிந்தார்கள். பிள்ளைகள் ஓடையில் குளித்தார்கள். மத்தியானம் மாமா மடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். பெரியப்பா முதலில் தள்ளியே நின்றார். பிறகு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சீட்டை ஒளித்து வைத்துப் பிடிபட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நான் மட்டும் மரையை விடாமல் தேடினேன். கிடைக்காமல் அழுதும் விட்டேன்.

"சிறுத்தை இழுத்துக்கிட்டுப் போயிருக்கும் பாப்பா" என்று மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

கொம்பு ஆணியில் ஏறியது. கொம்பில் என் குடை ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பழையபடி கிளம்பிவிட்டார்கள்.

மரை தன் கொம்பைத் தானே உதிர்த்துவிட்டு வேறு கொம்பு முளைக்கவிடும் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுட்ட மரையின் கொம்பில் மண்டையெலும்பு ஒட்டியிருக்கும். உதிர்ந்த கொம்பின் அடி மழுங்கிக் கிடக்கும். காட்டோரத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அன்று பள்ளத்துக்குப் போன கூட்டத்தில் ஒருவர் கையிலும் கத்தி இல்லை. பண்டிகை அவசரத்தில், அடுத்தவர் கொண்டுவருவார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.